வடம் தாங்கியது எடையை மட்டும்

1

இது ஒரு பாடப்புத்தகத்திலிருந்து துரத்திவிடப்பட்ட கதை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்துக்கு அறிவியல் பாடம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த முறை எட்டாம் வகுப்புக்கான ‘நிறையும் எடையும்’ என் தலையில் விழுந்தது. நிறை என்பது ஒரு பொருளுக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது. எடை என்பது அந்தச் சரக்கைப் பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது. எடை இடத்துக்கு இடம் மாறும், நிறை மாறாது. இதை விளக்க எல்லாப் புத்தகங்களும் ஒரு ஆளைப் பிடித்து நிலாவுக்கு அனுப்பும். அங்கே அவருடைய எடை ஆறில் ஒரு பங்காகிவிடும், நிறை அப்படியே இருக்கும், பாடம் முடிந்துவிடும். பதிப்பாசிரியர் அம்மாவுக்கு நிலா அலுத்துப்போயிருந்தது. பூமியிலேயே நடக்கிற ஒரு உதாரணம் வேண்டும், பிள்ளைகள் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றார்.

என் அடுத்த வீட்டில் இருப்பவள் பல வருடம் ஒரு பெரிய இரும்புப் பட்டறையில் கிரேன் ஓட்டியவள். தொங்கும் பாரத்தைப் பற்றி இரண்டு வரி கேட்டுக்கொண்டு வரலாம் என்று போனேன். அவள் சொன்னது இரண்டு வரியில் நிற்கவில்லை. எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பதிப்பாசிரியர் அம்மா படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா எட்டாங்கிளாஸ் புத்தகத்துல இடுப்பெலும்பு உடையக் கூடாது” என்றார்.

பாடத்தில் மறுபடி நிலா வந்துவிட்டது. மிச்சம் இங்கே இருக்கிறது.

2

எப்படித் தொடங்குவது என்பதில் இரண்டு நாள் போனது.

முதல் தொடக்கம்: “அந்த இரும்பு உறை தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், யாரையும் பொருட்படுத்தாமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன்...” நிறுத்திவிட்டேன். இரும்புக்குத் திமிர் ஏற்றி எழுதுவது எனக்குச் சுலபம். படிப்பவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் இரும்புக்கு எந்தத் திமிரும் கிடையாது. இந்தக் கதையில் நடந்ததெல்லாம் மனிதர்கள் செய்தது.

இரண்டாம் தொடக்கம்: “மேலக்காவுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது.” மேலக்கா என்பது அடுத்த வீட்டுக்காரியின் பட்டறைப் பெயர். இது பொய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரும்பு ஏணியில் ஏறும்போது கால் நடுங்கி, பாதியில் நின்று அழுதிருக்கிறாள். அவளே சொன்னாள்.

(இன்னொரு தொல்லை. ‘அவர்’ என்று எழுதினால் எங்கோ மேடையில் உட்கார்ந்திருப்பவர்போலத் தூரமாகப் போகிறாள். ‘அவள்’ என்றால் என்னைவிட மூத்தவளை மரியாதை இல்லாமல் பேசுவதுபோல இருக்கிறது. அவளிடமே கேட்டேன். “எழுதறதைச் சரியா எழுதுங்க. அவரா இருந்தா என்ன, அவளா இருந்தா என்ன” என்றாள். அவள் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

ஆகவே நேராகச் சொல்கிறேன்.

3

பட்டறையின் கூரைக்குக் கீழே, சுவரோடு சுவராக ஓடும் இரண்டு தண்டவாளங்கள்மேல் கிரேன் நகரும். அதன் வயிற்றில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுதான் அவள் இடம். எல்லாரையும் மேலே இருந்து பார்ப்பவள் என்பதால் மேலக்கா என்று பெயர் வந்தது. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கணவன் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போனபின் அவளுக்கு உலகத்தில் ஒட்டிக்கொள்ள இருந்தது அந்தக் கூண்டும் ஒரே தம்பியும்தான்.

தம்பிக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. வாய்த்துடுக்கு. மேனேஜரிடம் நடையாக நடந்து பேசி, தன் கிரேனுக்குக் கீழேயே அவனைச் சேர்த்துவிட்டாள். பாரத்தைச் சங்கிலியால் கட்டிக் கொக்கியில் மாட்டுவது, கைஜாடை காட்டி அவளுக்கு வழி சொல்வது, இறங்கியதும் கழற்றுவது. இதுதான் அவன் வேலை. அக்கா மேலே, தம்பி கீழே. அவன் கை அசைவதற்கு முன்பே என்ன கேட்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும் என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள்.

அவனுக்கு ஒரு வித்தை இருந்தது. யாராவது புதியவர்கள் பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்தால், பல டன் கனமுள்ள ஒரு இரும்பு கொக்கியில் தொங்கும்போது அதை ஒற்றை உள்ளங்கையால் தள்ளிக் காட்டுவான். அது நகரும். வந்தவர்கள் வாய் பிளப்பார்கள். மேலக்காவுக்கு இந்த வித்தை கண்ணில் தைத்த முள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்:

“தள்ளறது நீ. நிறுத்தறது யாரு?”

அவன் சிரித்துக்கொண்டே, “நீதான் மேல இருக்கியேக்கா” என்றான்.

குறிப்பு: பாடப்புத்தகத்துக்கு நான் எழுதிய பத்தி இந்த இடத்தில்தான் வந்தது. தொங்கும் பாரத்தின் எடையை, கொக்கியைத் தாங்கும் இரும்பு வடம் முழுவதுமாக வாங்கிக்கொள்கிறது. அதனால் கைக்கு அது பஞ்சுபோலத் தோன்றும். ஆனால் வடம் வாங்கிக்கொள்வது எடையை மட்டும். நிறை பாரத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. நிற்கிற பொருளை நகர்த்தவிடாமல் அது அடம்பிடிக்கும். நகர்கிற பொருளை நிறுத்தவிடாமலும் அதே அளவு அடம்பிடிக்கும். நிறை கூடினால் பூமியின் இழுப்பும் கூடுகிறது, அந்த அடமும் கூடுகிறது. ஒரே உயரத்திலிருந்து விட்டால் கனமான கல்லும் லேசான கல்லும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுவது இதனால்தான். தம்பி மெல்லத் தள்ளித் தள்ளிப் பாரத்துக்குக் கொடுத்த வேகத்தை, ஒரே நொடியில் திருப்பி வாங்க எந்த மனிதக் கைக்கும் தெம்பு கிடையாது.

4

விபத்தை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். பெரிய சத்தம், அலறல், ஓட்டம் என்று எழுதலாம். அவள் சொன்னதில் அப்படி எதுவும் இல்லை. அவளை இன்றுவரை வதைப்பது அது எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதுதான்.

பெரிய தண்ணீர்ப் பம்பின் இரும்பு உறை அது. வெளியே லாரி காத்திருந்தது, சூப்பர்வைசர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். தொங்கும் பாரத்தைக் கையால் தொடக் கூடாது. அதன் மூலையில் ஒரு கயிறு கட்டி, தள்ளி நின்று அந்தக் கயிற்றால்தான் திருப்ப வேண்டும். அன்றைக்குத் தம்பி கயிறு கட்டவில்லை. அவள் கிரேனைப் பதமாக நிறுத்தினாள். கிரேன் நின்றாலும் பாரம் கொஞ்சம் முன்னால் போய்த் திரும்பி வரும். இரண்டு ஆட்டம் ஆடித் தானாக அடங்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

தம்பி காத்திருக்கவில்லை. பாரத்துக்கும் பட்டறைத் தூணுக்கும் நடுவில் போய் நின்று, வருகிற பாரத்தின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தான்.

ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. யாரோ கதவைச் சாத்துவதுபோல வந்தது என்றாள். அவன் முழங்கை மடங்கியது. ஒரு அடி பின்னால் போனான், அங்கே தூண் இருந்தது. அவள் ஹாரனை அழுத்திக்கொண்டே கிரேனைப் பின்னால் இழுத்தாள். கொக்கி உடனே பின்னால் வந்தது, பாரம் வரவில்லை. கொக்கியின் இழுப்பு எட்டுவதற்குள் அது தன் வேலையை முடித்துவிட்டது. தம்பி கத்தவில்லை. கடைசி நொடியில் மேலே பார்த்தான்.

இடுப்பெலும்பும் இடது தொடையும் போயின. உயிர் பிழைத்தான்.

5

பட்டறைச் சுவரில் விதிகள் எழுதி மாட்டியிருந்தார்கள். பாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் போகிறவருக்கு அன்றோடு வேலை போய்விடும், எந்தச் சலுகையும் கிடையாது. கிரேன் ஓட்டுபவர் தவறினால் கூண்டிலிருந்து இறக்கித் தரை வேலைக்கு மாற்றுவார்கள், வேலை போகாது. அந்தத் தவறால் அடிபட்டவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

சூப்பர்வைசர் அந்த நேரத்தில் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். பார்த்தது அக்காவும் தம்பியும் மட்டும்.

மருத்துவமனையில் தம்பி மனைவி வெளியே மருந்து வாங்கப் போயிருந்தபோது மேலக்கா கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னாள்.

“நான் பிரேக்கைச் சட்டுனு போட்டுட்டேன், பாரம் வீசிருச்சுன்னு சொல்லப்போறேன். நீ ஒதுங்கிதான் நின்னேன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத.”

அவன் தன் கட்டுகளைப் பார்த்தான். பிறகு, “உன் கூண்டு போயிடுமேக்கா” என்றான்.

“போனா போகட்டும். உனக்கு வேலை இல்லாம உன் பொண்டாட்டி பிள்ளை என்ன பண்ணும்?”

அவன் அழுதான். “இதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்” என்றான்.

(இந்த வசனத்தை எடுத்துவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன். பின்னால் வருவதற்காக நானே செருகியதுபோல இருக்கிறது. ஆனால் அவன் சொன்னது இதுதான். அவள் அதை அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.)

விசாரணையில் மேனேஜர் அவளை இரண்டு முறை கேட்டார். இத்தனை வருடத்தில் ஒரு பாரத்தைக்கூட இடிக்காதவள் இப்படிச் செய்தாள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. கவனம் சிதறிவிட்டது என்றாள். அவர் சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து பட்டறைக்குப் பின்னால், உடைந்த இரும்பை இரும்பென்றும் பித்தளையைப் பித்தளையென்றும் பிரித்துப்போடும் வேலை. மேலக்கா என்று கூப்பிடுவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. தரையில் நிற்பவளை அப்படிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

6

தம்பி ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பினான். கனமான எதையும் தூக்க முடியாது. பேச்சு மட்டும் பழையபடி இருந்தது. நிர்வாகம் யோசித்து அவனைப் புதிதாகச் சேருபவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வைத்தது. அடிபட்டவன் வாயால் கேட்டால் மனதில் பதியும் என்று அவர்கள் நினைத்தது தவறில்லை.

முதல் வகுப்பில் “கிரேன்ல ஒரு சின்னத் தப்பு நடந்துச்சு” என்று மட்டும் சொன்னானாம். அன்று மாலை இரும்புக் குவியலுக்கு வந்து அக்காவுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். கொஞ்ச நாளில் சின்னத் தப்பு பெரிய தப்பாக வளர்ந்தது. பாரம் வேகமாக வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. மேலே இருந்தவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் உச்சுக்கொட்டினார்கள். தேநீர் நின்றுவிட்டது.

ஒரு விடுமுறை நாளில் அவள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி மகள் பக்கத்தில் வராமல் கதவருகே நின்றாள். கூப்பிட்டதற்கு, “அத்தை, நீங்க ஏன் எங்கப்பாவை இடிச்சீங்க?” என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தம்பி மனைவி, “சும்மா இரு, அத்தைகிட்ட அப்படிப் பேசக் கூடாது” என்று அதட்டினாள். அப்படி நடக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியாது என்பது மேலக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டிய மனைவியிடம்கூட அவன் சொல்லியிருக்கவில்லை.

மாடிப்படியில் அவனைத் தனியாக நிறுத்திக் கேட்டாள்.

“டேய். நீ உள்ள போனியா இல்லையா?”

அவன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். அந்தத் திகைப்பு நடிப்பில்லை என்று அவள் சத்தியம் செய்கிறாள்.

“பாரம் வேகமா வந்துச்சுக்கா. எனக்கு ஞாபகம் இருக்கிறது அதுதான். மெதுவா வந்திருந்தா நான் ஒதுங்கியிருப்பேன்ல? நான் என்ன முட்டாளா?”

அவள் இறங்கி வந்துவிட்டாள். வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவன் முட்டாள் இல்லைதான். அப்படியென்றால்...

இங்கே எனக்கே சந்தேகம் வருகிறது. நான் அவளை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். தம்பியிடம் போனால் இதே கதை வேறு உருவத்தில் கிடைக்கும், அதையும் அவன் மனதார நம்பித்தான் சொல்வான். ஒருவேளை அவள் உண்மையிலேயே பிரேக்கை வேகமாகப் போட்டிருந்தால்? கேட்டேவிட்டேன். அவள் கோபப்படவில்லை. “நானும் அதைத்தான் ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். எத்தனை பேர்கிட்ட நான்தான் போட்டேன்னு சொல்லியிருக்கேன்! இப்ப கையை நீட்டிப் பாத்தா போட்ட மாதிரியேதான் இருக்கு” என்றாள். பிறகு, “ஆனா வேகமா வந்திருந்தா அவன் முழங்கை மடங்கினதை நான் பாத்திருக்க முடியாது” என்றாள்.

நான் முழங்கையை நம்புகிறேன். கதை அதன்மேல்தான் நிற்கிறது.

7

வருடத்துக்கு ஒருமுறை பழைய ஆட்களும் அந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று புது உத்தரவு வந்தது. போன வாரம் அவளுடைய முறை. அறையில் பெரும்பாலும் புதியவர்கள்; அவளை இரும்பு பொறுக்கும் அம்மாவாக மட்டும் அறிந்தவர்கள். அவள் நடு வரிசையில் உட்கார்ந்தாள். தம்பி அவளைப் பார்த்தான், ஊன்றுகோலை மேசையில் சாய்த்தான், தொடங்கினான்.

நன்றாகப் பேசினான். அதை மறைக்காமல் சொன்னாள். வலியைச் சொன்ன இடத்தில் அவளுக்கே கண் கலங்கியது. கடைசியில், கிரேன் ஓட்டப் பழகும் ஒரு இளம்பெண் கை தூக்கி, “சார், அந்த டிரைவர் இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டாள்.

தம்பியின் கண் நடு வரிசைக்கு வந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

“வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்கம்மா” என்றான்.

அவள் எழுந்திருக்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து வெளியே வந்தாள். காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னானோ, எல்லாருக்கும் எதிரில் அவமானப்பட வேண்டாம் என்று நினைத்தானோ என்று வாசல் வரைக்கும் சமாதானம் தேடிக்கொண்டு நடந்தாள்.

பட்டறையைக் கடக்கும்போது ஒரு காட்சியைப் பார்த்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன், வயிற்றை வைத்து எல்லாரும் தொந்தியார் என்று கூப்பிடுகிற மனிதர். அவரும் அதே வகுப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். ஒரு பெரிய பல்சக்கரம் கொக்கியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. கயிறு கட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் கடைசல் இயந்திரம் இருக்க, தொந்தியார் உள்ளங்கைகளைச் சக்கரத்தின்மேல் வைத்து நின்றார்.

அவள் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சக்கரம் அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் இயந்திரத்தில் லேசாக முட்டிவிட்டுத் திரும்பியது.

“கையை வைக்காதீங்க. கயிறு கட்டுங்க. யாராலயும் அதை நிறுத்த முடியாது.”

தொந்தியார் சட்டையைச் சரிசெய்துகொண்டார். கோபம் இல்லை. விவரம் தெரியாதவளுக்கு எடுத்துச் சொல்லும் பொறுமைதான் அவர் குரலில் இருந்தது.

“மேல ஓட்டறவங்க ஒழுங்கா ஓட்டினா ஒண்ணும் ஆகாதும்மா. இப்பதானே கிளாஸ்ல சொன்னாங்க?”

அவள் கொடுத்த பொய் எங்கே வந்து நிற்கிறது என்பது அங்கே தெரிந்தது. கையால் தொடாதே என்பது சுவரில் இன்னும் இருக்கிறது. ஏன் என்று சொல்ல வேண்டிய வகுப்பில், மேலே இருப்பவர் தவறினால்தான் ஆபத்து என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் தம்பியிடம் போனாள். டிரைவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், பாரத்தைக் கையால் நிறுத்தப் பார்க்காதே என்பதையும் சேர்த்துச் சொல் என்று கெஞ்சினாள். அதைச் சொன்னால், நீங்கள் நிறுத்தப் பார்த்தீர்களா என்று யாராவது கேட்பார்கள் என்றான். பிறகு, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

“இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்கக்கா போவேன்?”

8

முடிவுகள்.

ஒன்று: அவள் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்கிறாள். எழுதிப் பார்த்தேன். மேனேஜர் சிரித்துவிட்டு, இத்தனை நாள் கழித்துக் கூண்டுக்கு ஆசை வந்துவிட்டதா என்று கேட்கிறார். நம்பினால் தம்பி தெருவுக்கு வருகிறான். நம்பாவிட்டால் அவள் பொய்க்காரி ஆகிறாள்.

இரண்டு: தம்பி மனம் மாறி வகுப்பில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், அக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். இதை நான்கு பக்கம் எழுதினேன். நன்றாக வந்தது. கிழித்துவிட்டேன். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தவன் ஒப்புக்கொள்ளலாம். இவனுக்குத் தெரியாது. தெரிய ஆரம்பித்தாலும், தெரியாமல் இருப்பதே அவனுக்குச் சோறு போடுகிறது.

மூன்று: அவள் வாயை மூடிக்கொள்கிறாள், ஒருநாள் தொந்தியார்... இதை முடிக்க மாட்டேன். அந்த மனிதரை நான் தெருவில் பார்த்திருக்கிறேன். சின்ன மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கடைக்குப் போவார்.

நேற்று மேலக்கா கேட்டாள், “நீங்க எழுதறவங்கதானே, எப்படி முடிப்பீங்க?” முடிவு எனக்கும் தெரியவில்லை என்றேன். அவளுக்குக் கசந்துவிட்டது. “உங்க கதைக்கு முடிவு இல்லைன்னா ஒண்ணும் கெட்டுப்போகாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இன்று விடிந்ததும் அவள் வேலைக்குப் போகிற சத்தம் கேட்டது. அவள் என்ன தீர்மானித்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான்காவது முடிவை நீங்கள்தான் எழுத வேண்டும். தம்பியின் மகளையும் தொந்தியாரின் மகள்களையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டை மட்டும் காப்பாற்றும் முடிவு என்னிடமே இருக்கிறது.

சாவகாசமாக யோசிக்க நேரம் இல்லை. தொந்தியாருக்கு இன்று காலை ஷிஃப்ட்.